அரண்மனை மாதிரி ஒரு களத்து வீடு - வில்லா எமோவின் கதை

"வில்லா" என்ற சொல் இப்போது நம் ஊர்களில் ரொம்ப மலிவாகிவிட்டது. நகரத்துக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி, சுற்றுச்சுவர் போட்டு, வரிசையாக ஐம்பது வீடு கட்டி, ஆளுக்கொரு கார் நிறுத்த இடம் விட்டால் அது "வில்லா". ஆனால் இந்தச் சொல் பிறந்த இத்தாலியில் அதற்குப் பொருளே வேறு. அங்கே வில்லா என்பது வீடு மட்டுமல்ல. நிலம், தண்ணீர், களஞ்சியம், மாட்டுத் தொழுவம், கணக்குப்பிள்ளை எல்லாம் சேர்ந்த ஒரு முழுப் பண்ணை. நில உரிமையாளர் அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு நிர்வாகம் செய்வார்.

அப்படி ஒரு வில்லாவின் கதை இது. இத்தாலியின் வடகிழக்கில், வெனிஸ் நகரத்துக்கு வடமேற்கே, ட்ரெவிசோ மாவட்டத்தில் ஃபான்ஸோலோ என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஆந்த்ரியா பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வீட்டுக்கு வில்லா எமோ என்று பெயர். உலகம் முழுக்க கட்டடக்கலை மாணவர்கள் இதை ஓர் உதாரணமாகப் படிக்கிறார்கள். ஆனால் இதைக் கட்டவைத்த காரணம் அழகு அல்ல, வியாபாரம்.

கப்பல்காரர்கள் விவசாயிகள் ஆன கதை

வெனிஸ் தண்ணீரில் மிதக்கும் நகரம். அதற்கு வயல் கிடையாது. பல நூற்றாண்டுகள் அந்த நகரத்துப் பிரபுக்கள் சம்பாதித்தது கப்பலில்தான். அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் பெய்ரூட்டுக்கும் வந்து சேரும் மிளகையும் மற்ற வாசனைப் பொருட்களையும் வாங்கி ஐரோப்பா முழுக்க விற்றார்கள். அந்த மிளகு பெரும்பாலும் நம் மேற்குக் கடற்கரையிலிருந்து போனது.

1498ல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றோடு வெனிஸ் வியாபாரம் படுத்துவிட்டது என்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் எழுதுவார்கள். அது பாதி உண்மைதான். ஆரம்பத்தில் அடி விழுந்தது நிஜம். ஆனால் 16ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செங்கடல் வழி மிளகு வியாபாரம் மறுபடி நிமிர்ந்துவிட்டது. அப்படியானால் வெனிஸ்காரர்கள் ஏன் நிலத்தின் பக்கம் திரும்பினார்கள்?

காரணம் பல. ஒன்று, கடல் வியாபாரத்தில் இருந்த ஆபத்து. ஒட்டோமான் பேரரசோடு அடிக்கடி போர். கப்பல் போனால் திரும்பி வரும் என்று நிச்சயமில்லை. இரண்டு, ஐரோப்பாவில் மக்கள்தொகை கூடிக்கொண்டே போனது, கூடவே தானிய விலையும் ஏறியது. மூன்று, 1509ல் அன்யாதெல்லோ என்ற இடத்தில் நடந்த போரில் வெனிஸ் தோற்று, தன் நிலப்பகுதிகளை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் இழந்தது. 1517க்குள் பெரும்பாலானவற்றை மீட்டுவிட்டாலும் அந்தப் பயம் மறக்கவில்லை. சோற்றுக்கு அடுத்தவனை நம்பி இருக்கக்கூடாது என்ற பாடம் நன்றாகவே மனதில் பதிந்தது.

ஆக ஒரு வியாபாரி என்ன செய்வாரோ அதையே வெனிஸ் பிரபுக்களும் செய்தார்கள். போட்ட பணத்தை எல்லாம் ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்துப் போட்டார்கள். கொஞ்சம் கப்பலில், கொஞ்சம் நிலத்தில். அரசாங்கமும் இதற்குத் துணை நின்றது. 1556ல் தரிசு நிலங்களுக்கென்றே ஒரு தனித் துறையை வெனிஸ் குடியரசு நிரந்தரமாக ஏற்படுத்தியது. சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடிப்பது, காய்ந்த நிலத்துக்குக் கால்வாய் வெட்டுவது, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று அனுமதி கொடுப்பது எல்லாம் அந்தத் துறையின் வேலை. ஆல்விசே கொர்னாரோ என்ற பதுவா நகரத்துச் செல்வந்தர் விவசாயத்தைப் "புனிதமான" தொழில் என்றே பிரச்சாரம் செய்தார். அதுவரை கைமண் படாத பிரபுக்களுக்கு விவசாயம் கௌரவமான தொழில்தான் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது!

எமோ குடும்பம்

எமோக்கள் வெனிஸின் பழைய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. ஃபான்ஸோலோ நிலம் அவர்களுக்கு பார்பரிகோ என்ற இன்னொரு வெனிஸ் குடும்பத்திடமிருந்து வந்தது. பியாவே நதியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ப்ரென்தெல்லா என்ற கால்வாய் 15ம் நூற்றாண்டிலிருந்தே அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இருந்தால் நிலத்துக்கு மதிப்பு. எமோக்களும் முதலில் கவனம் செலுத்தியது நிலத்தைப் பண்படுத்துவதில்தான், வீடு கட்டுவதில் அல்ல. இரண்டு தலைமுறை கழித்துத்தான் வீடு வருகிறது. இந்த வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், அப்புறம் விளைச்சல், கையில் லாபம் வந்த பிறகே மாளிகை.

வீட்டைக் கட்டவைத்தவர் லியனார்டோ எமோ. 1538ல் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே, 1549ல், இந்தச் சொத்து அவர் கைக்கு வந்தது. வீடு எந்த வருஷம் ஆரம்பித்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1550களின் பின்பகுதியில் தொடங்கி 1560களின் நடுவில் முடிந்தது என்பது பொதுவான கணக்கு. 1565ல் லியனார்டோவுக்கும் கொர்னேலியா கிரிமானி என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வீடு முடிய வேண்டும் என்ற அவசரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கல்தச்சர் பல்லாடியோ

பல்லாடியோ பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. 1508ல் பதுவாவில் பிறந்தபோது அவர் பெயர் ஆந்த்ரியா தி பியெத்ரோ. அப்பா மாவு ஆலை சம்பந்தப்பட்ட வேலை செய்தவர். பையனைப் பதின்மூன்று வயதில் கல்தச்சர் ஒருவரிடம் வேலை பழக விட்டார்கள். 1524ல் அங்கிருந்து விசென்ஸா நகரத்துக்குப் போய்விட்டார். முப்பது வயது வரை அவர் வெறும் கல் வேலைக்காரர்தான். ஜியான் ஜோர்ஜியோ திரிஸ்ஸினோ என்ற அறிஞர் இவரது திறமையைக் கண்டுகொண்டு, பழைய ரோமானியப் புத்தகங்களைப் படிக்க வைத்து, 1541ல் ரோமுக்கும் கூட்டிப்போனார். "பல்லாடியோ" என்ற பெயரை வைத்ததும் அவரே.

ரோமில் இடிந்து கிடந்த கோவில்களையும் குளியல் மண்டபங்களையும் பல்லாடியோ அளந்து அளந்து வரைந்துகொண்டார். 1570ல் "கட்டடக்கலை பற்றிய நான்கு புத்தகங்கள்" என்று அவர் எழுதிய நூல் வெனிஸில் அச்சானது. அதில் தான் கட்டிய வில்லாக்களின் வரைபடங்களையும் சேர்த்தார். வில்லா எமோவும் அதில் இருக்கிறது.

ஒரே கோட்டில் ஒரு பண்ணை

பல்லாடியோவுக்கு முன்பு ஒரு பண்ணை எப்படி இருக்கும்? எஜமானர் வீடு ஒரு பக்கம், தொழுவம் ஒரு பக்கம், வைக்கோல் கொட்டகை இன்னொரு பக்கம் என்று தேவைக்கேற்ப ஆங்காங்கே முளைத்திருக்கும். பல்லாடியோ செய்த பெரிய காரியம், இவற்றை எல்லாம் எடுத்து ஒரே நேர்கோட்டில் நிறுத்தியது.

வில்லா எமோவின் முன்னால் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் உயரமான ஒரு சதுரக் கட்டடம். அது எஜமானர் வீடு. அதன் இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி நீளமான, தாழ்வான இரண்டு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பதினொரு வளைவுகள். இவற்றை அந்த ஊரில் "பார்கெஸ்ஸா" என்பார்கள். பார்க்க ஏதோ அரண்மனைத் தாழ்வாரம் போலத் தெரியும். உண்மையில் அவை களஞ்சியம், தொழுவம், மது நிலவறை, பண்ணை சாமான் வைக்கும் இடம். இரண்டு கோடியிலும் கோபுரம் மாதிரி நிற்பவை புறாக்கூண்டுகள். புறா அழகுக்கு வளர்க்கப்படவில்லை. இறைச்சி சாப்பாட்டுக்கு, எச்சம் வயலுக்கு உரம்.

இந்த அமைப்பின் வசதியைப் பல்லாடியோவே தன் புத்தகத்தில் குறிப்பிடுகிறார். எஜமானர் மழையில் நனையாமல், வெயில் படாமல், கூரைக்கு அடியிலேயே நடந்து பண்ணையின் எந்த மூலைக்கும் போய் வேலையை மேற்பார்வை பார்க்கலாம். முகப்பு தெற்கு பார்த்து இருப்பதால் வளைவுகளின் கீழே நல்ல வெயில் விழும், விளைந்தது காயும். இன்றைய பேச்சில் சொன்னால் ஆபீஸும் குடோனும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள்.

நடுக் கட்டடத்துக்கு ஏற வழக்கமான படிக்கட்டுக்குப் பதில் அகலமான, நீளமான ஒரு கல் சாய்தளம் இருக்கிறது. மரியாதைக்குரிய விருந்தாளிகள் ஏறி வர இது தோதாக இருக்கும். அறுவடைக் காலத்தில் கதிரடிக்கும் களமாகவும் இதைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

மேலே போனால் நான்கு தூண்கள் வைத்த முகமண்டபம். தூண்களுக்கு மேல் முக்கோண முகடு. அதில் இறக்கை வைத்த இரண்டு உருவங்கள் எமோ குடும்பச் சின்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த முக்கோண முகடு பழைய ரோமானியக் கோவில்களின் அடையாளம். அதைத் தனி மனிதர் வீட்டுக்கு வைக்கலாமா? பல்லாடியோவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. பழைய காலத்தில் முதலில் வீடுகளுக்குத்தான் இப்படி இருந்தது, வீட்டைப் பார்த்துத்தான் கோவில் கட்டினார்கள் என்று அவர் நம்பினார். அது வரலாற்றுப்படி தவறான ஊகம். ஆனால் அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான் உலகம் முழுக்கப் பரவிய தூண் வைத்த வீட்டு முகப்பு!

மற்றபடி வெளிச்சுவரில் அலங்காரம் கிட்டத்தட்ட இல்லை. ஜன்னலைச் சுற்றி வேலைப்பாடு கிடையாது. சுத்தமான வெளிர்ச் சுவர், அளவாக வெட்டிய ஓட்டைகள், அவ்வளவுதான். அழகு முழுக்க அளவில் இருக்கிறது. அவர் புத்தகத்தில் கொடுத்த எண்களைப் பாருங்கள். நடுக் கூடம் 27 அடிக்கு 27 அடி. பெரிய அறைகள் 16க்கு 27. சின்ன அறைகளில் 16க்கு 16 ஒன்று, 12க்கு 16 ஒன்று. (விசென்ஸா அடி நம் அடியை விடக் கொஞ்சம் பெரிது, சுமார் 35 சென்டிமீட்டர்.) ஒரே எண்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது கண்ணுக்கு எதுவும் உறுத்தாது. ருடால்ஃப் விட்கோவர் என்ற கலை வரலாற்றாசிரியர் 1949ல் வெளியிட்ட நூலில் இந்த விகிதங்களை இசையின் சுர இடைவெளிகளோடு ஒப்பிட்டார். அதை ஏற்காதவர்களும் உண்டு.

செலவிலும் பல்லாடியோ கெட்டி. பெரும்பாலான வில்லாக்களில் அவர் கல்லுக்குப் பதில் செங்கல்லைத்தான் பயன்படுத்தினார். செங்கல் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினால் தூரத்திலிருந்து பார்க்கக் கல் மாதிரியே இருக்கும். நிஜமான கல், தூணின் அடி, தலை மாதிரி கூர்மையாகச் செதுக்க வேண்டிய இடங்களில் மட்டும். கல்தச்சராக இருந்தவருக்குக் கல்லின் விலை தெரியாதா என்ன?

உள்ளே வந்தால் கதை மாறும். வெளியே இருந்த எளிமைக்கு நேர் எதிராக, சுவர் முழுக்க ஓவியம். வரைந்தவர் ஜியோவான்னி பத்திஸ்தா செலோத்தி. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே வரையும் முறை இது. முகமண்டபத்தில் தானியங்களின் தெய்வமான செரெஸ். உள்ளே நுழைகிற இடத்தில் மேற்கூரையில் திராட்சைப் பந்தல். நடுக் கூடத்தில் ரோமானிய வரலாற்றுக் கதைகள். போரில் பிடிபட்ட பெண்ணைத் தொடாமல் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவனிடமே திருப்பி அனுப்பிய ஸ்கிப்பியோ ஒரு பக்கம், மகளின் மானம் காக்க அவளைத் தன் கையாலேயே கொன்ற தந்தையின் கதை இன்னொரு பக்கம். அதிகாரம் உள்ளவன் தன்னை அடக்கி ஆள வேண்டும் என்பதுதான் அந்தச் சுவர்களின் உபதேசம்.

வீட்டுக்கு முன்னும் பின்னும் மரங்கள் வரிசை கட்டிய நேரான பாதை கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓடுகிறது. இந்தப் பகுதி நிலத்தை ரோமானியர்கள் கட்டம் கட்டமாக அளந்து பிரித்திருந்தார்கள். கி.மு. 148ல் போட்ட போஸ்துமியா சாலையும் இந்தப் பக்கம்தான் போனது. அந்தப் பழைய கட்டங்களின் கோட்டை ஒட்டியே வில்லாவும் நிற்கிறது. வீட்டின் பின்னால் என்பது த்ரெவிசோ காணி அளவுள்ள சதுரத் தோட்டம் இருப்பதாகவும், அதன் நடுவே ஒரு சின்ன ஓடை ஓடுவதாகவும் பல்லாடியோ எழுதியிருக்கிறார்.

மக்காச்சோளம் செய்த மாயம்

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கோதுமை, திராட்சை எல்லாம் உண்டு. அதோடு ஒரு புதுப் பயிர். 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த மக்காச்சோளம். வெனிஸைச் சுற்றிய வெனெட்டோ பகுதியில் 16ம் நூற்றாண்டின் நடுவிலேயே அது வேர் பிடித்துவிட்டது. எமோ குடும்பம் இதை ஆரம்பத்திலேயே பயிரிட்டவர்களில் ஒன்று என்று கட்டடக்கலை நூல்கள் சொல்கின்றன. அங்கே அதுவரை ஏழைகள் சாப்பிட்டு வந்த சிறுதானியங்களை விட இது பல மடங்கு விளைச்சல் தரும். தண்ணீர் கிடைக்கிற நிலத்துக்கு ஏற்றது.

மக்காச்சோள மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டிக் கிளறினால் "பொலெந்தா". கிட்டத்தட்ட நம்மூர்க் களிதான். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் அது வெனெட்டோ ஏழைகளின் அன்றாட உணவானது. இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கோதுமைக்குச் சந்தையில் நல்ல விலை. அது குத்தகையாகவும் வாரமாகவும் எஜமானருக்குப் போகும். குடியானவனுக்கு மக்காச்சோளம் போதும். சோளம் அதிகம் விளைய விளைய, கோதுமையை இன்னும் அதிகமாக விற்கலாம். நில உரிமையாளர் கணக்குப் புத்தகத்தில் இது சுத்த லாபம்.

அந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று இருந்தது. 18ம் நூற்றாண்டில் வட இத்தாலியக் குடியானவர்களிடம் ஒரு நோய் பரவியது. முதலில் வெயில் படும் இடங்களில் தோல் தடித்து உரியும். பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு புத்தி பேதலிக்கும். கடைசியில் சாவு. 1771ல் ஃப்ரான்செஸ்கோ ஃப்ராபோல்லி என்ற மிலான் மருத்துவர் மக்கள் வழக்கில் இருந்த "பெல்லாக்ரா" என்ற பெயரையே நூலில் எழுதினார். சொரசொரப்பான தோல் என்று பொருள். 1880 வாக்கில் இத்தாலியில் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் ஒரு லட்சம் நோயாளிகள். அதில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதி வெனெட்டோ. புத்தி பேதலித்தவர்களை வெனிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சான் செர்வோலோ தீவின் மனநோய் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டே கிளம்பி பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள்.

காரணம் என்ன என்று நூறு வருஷத்துக்கு மேல் சண்டை நடந்தது. கெட்டுப்போன சோளத்தில் விஷம் இருக்கிறது என்று செசாரே லோம்ப்ரோசோ போன்ற பிரபல மருத்துவர்கள் வாதாடினார்கள். இல்லை, வறுமைதான் காரணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். 1910களில் அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடு என்று காட்டினார். 1937ல் தான் அந்தக் குறை நியாசின் என்ற வைட்டமின் என்பது உறுதியானது. மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத வடிவில் கட்டுண்டு இருக்கிறது. பால், முட்டை, இறைச்சி கொஞ்சம் சேர்த்துச் சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. வெறும் பொலெந்தா மட்டுமே சாப்பிடுகிறவனுக்குத்தான் சாவு.

இதில் மனதைக் குத்தும் விஷயம் ஒன்று உண்டு. மக்காச்சோளத்தைப் பயிராக்கிய மெக்சிகோ பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் சாப்பிடுவார்கள். சுண்ணாம்பு பட்டால் அந்தக் கட்டு விடுபட்டுவிடும். ஐரோப்பியர்கள் விதையைக் கொண்டுவந்தார்கள், சமைக்கும் முறையைக் கேட்டுவரவில்லை. மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வில்லாக்களின் வெள்ளைச் சுவரெல்லாம் சுண்ணாம்புதான்.

ஃபான்ஸோலோவின் எமோக்கள் தனியாகச் செய்த குற்றம் அல்ல இது. ஒரு பகுதி முழுவதும், பல தலைமுறைகள், யாருக்கும் காரணம் புரியாமலே நடந்தது. ஆனால் யார் தட்டில் கோதுமை, யார் தட்டில் சோளம் என்று பிரித்த ஏற்பாடு தெரிந்தே நடந்தது.

பிறகு

1797ல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. பிரபுக்கள் பலர் நொடித்தார்கள், எத்தனையோ வில்லாக்கள் கை மாறின, இடிந்தன. வில்லா எமோ மட்டும் அதே குடும்பத்தின் கையிலேயே தொடர்ந்தது. நானூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட பிறகு, 2004ல்தான் உள்ளூர்க் கூட்டுறவு வங்கி ஒன்றுக்கு விற்றார்கள். 1994ல் விசென்ஸா நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 1996ல் அந்தப் பட்டியலை வெனெட்டோவின் பல்லாடியோ வில்லாக்களுக்கும் நீட்டித்தது. வில்லா எமோவும் அதில் உண்டு. 2002ல் வந்த "ரிப்ளீஸ் கேம்" என்ற ஆங்கிலப் படத்தில் ஜான் மல்கோவிச் வாழும் வீடாக இது வருகிறது.

பல்லாடியோ 1580ல் இறந்துவிட்டார். அவர் புத்தகம் மட்டும் பயணம் போனது. இனிகோ ஜோன்ஸ் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அமெரிக்கா. தாமஸ் ஜெஃபர்சன் தன் வீட்டைப் பல்லாடியோவைப் படித்துத்தான் வரைந்தார். நடுவில் எஜமானர் வீடு, இரண்டு பக்கமும் தாழ்ந்த இறக்கைகள், தூண் வைத்த முகப்பு என்ற அமைப்பு வர்ஜீனியாவின் புகையிலைப் பண்ணைகளுக்கும் பொருந்திப்போனது. அங்கே வயலில் வேலை செய்தவர்கள் அடிமைகள். 2010ல் அமெரிக்க நாடாளுமன்றம் பல்லாடியோவை "அமெரிக்கக் கட்டடக்கலையின் தந்தை" என்று தீர்மானம் போட்டுக் கௌரவித்தது.

வில்லா எமோ அழகான வீடு, அதில் சந்தேகமே இல்லை. ஒரு மாட்டுத் தொழுவத்துக்குக் கூட அரண்மனைக்குக் கொடுக்கும் அளவுக்கு யோசித்து வளைவு வைத்த மனிதர் பெரிய கலைஞர்தான். ஆனால் அந்தப் பதினொரு வளைவுகளும் மாட்டுக்கும் தானியத்துக்கும் கட்டியவை. அந்தத் தானியத்தை விளைவித்த குடியானவர்கள் பலர் அந்தக் காலத்தில் வசித்தது கூரை வேய்ந்த மண் குடிசைகளில். பல்லாடியோவின் நான்கு புத்தகங்களில் பாலத்துக்கு வரைபடம் உண்டு, கோவிலுக்கு உண்டு, புறாக்கூண்டுக்குக் கூட உண்டு. அந்தக் குடிசைக்கு மட்டும் இல்லை.